மூட்டையில் எழுதியிருந்தது

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்ன டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அண்ணனை ரத்தம் எடுக்க அனுப்பியிருந்தார்கள், மதினி அவரோடு போயிருந்தார். அறையில் நானும் டாக்டரும்தான். கம்ப்யூட்டர் திரையில் அண்ணனுடைய நெஞ்சை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி, "இவர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார்.

"கம்பெனி வேலை," என்றேன்.

"என்ன கம்பெனி?"

எனக்கு முன்கோபம் உண்டு. பதில் தெரிந்த கேள்வி என்றால் அது இன்னும் சீக்கிரம் வரும். "கப்பலூர்ல ஒரு கம்பெனி. மூடி வருசம் பன்னெண்டு ஆச்சு. இப்ப அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. லாரிகளுக்கு பிரேக் லைனிங் செய்கிற கம்பெனி என்பதை என் வாயிலிருந்து வரவழைக்க அவருக்கு இன்னும் மூன்று கேள்விகள் தேவைப்பட்டன. அதைக் கேட்டதும் பேனாவை மேஜை மேல் வைத்தார்.

நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது என்றார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு அப்படி இருக்கும். அந்த நார் உள்ளே போனால் கரையாது, இருமினாலும் வராது. இருபது வருடம், முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டுக்கூட வேலையைக் காட்டும். பீடி குடிப்பாரா என்று கேட்டார். இளவயதில் குடித்தார், விட்டு முப்பது வருடம் ஆகப்போகிறது என்றேன். "ரெண்டும் சேர்ந்தா ஆபத்து கூட்டல் இல்லைங்க, பெருக்கல்," என்றார். பிறகு, "அந்த நார் வர்ற மூட்டையில எச்சரிக்கை எழுதியிருப்பாங்களே, யாரும் பாக்கலையா?" என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகமில்ல," என்றேன்.

பொய். அந்த எழுத்து மூட்டையின் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கம்பெனியில் நான் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். சேர்ந்து ஆறு மாதத்தில் அண்ணனுக்கும் அங்கேயே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். அதுவரை அவர் வேலைக்குப் போன இடங்களைச் சொன்னால் ஒரு பக்கம் போகும். எங்கேயும் ஆறு மாதம் தாங்காது, மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவார். இங்கே மட்டும் பத்தொன்பது வருடம் நிலைத்தார். எங்கள் வீட்டில் அதை என் சாமர்த்தியம் என்று சொன்னார்கள், நானும் இல்லை என்று சொன்னதில்லை.

அவருக்கு மிக்சிங்கில் வேலை. நார் மூட்டையைக் கத்தியால் கிழித்து, பிசின் பொடியோடு சேர்த்து இயந்திரத்தில் கொட்ட வேண்டும். நாரை எல்லோரும் பஞ்சு என்றுதான் சொல்வோம். பஞ்சு மாதிரியே வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், கையில் எடுத்தால் உறுத்தாது. அது கெடுதல் செய்யும் என்று பார்த்தால் யாருக்கும் தோன்றாது. கொட்டும்போது எழும்பும் தூசி, ஜன்னல் வழியாக வெயில் விழும் இடத்தில் மட்டும் தெரியும். மற்ற இடங்களில் இல்லாத மாதிரி இருக்கும். சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்போம். வெல்லம் நெஞ்சுத் தூசியை இறக்கிவிடும் என்று முதலாளியும் நம்பினார், தொழிலாளிகளும் நம்பினார்கள். பி.காம். படித்த நானும் நம்பிக் கொடுத்தேன்.

அண்ணன் சுத்தக்காரர். அதுதான் எனக்கு இப்போது நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் கம்ப்ரசர் குழாயைப் பிடித்து உடம்புக்கு ஏர் அடித்துக்கொள்வார்கள். தூசியோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களே. மற்றவர்கள் சட்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் தலை, காது, சட்டைப்பை, கைலி மடிப்பு என்று ஒவ்வோர் இடமாக அடிப்பார். ஒருவருக்கொருவர் முதுகில் அடித்துவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடமும் மூடிய ஷெட்டுக்குள் ஒரே வெள்ளையாக இருக்கும், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு என் நோட்டுகளைத் துடைத்து வைப்பேன்.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். காலி மூட்டைகள் நல்ல கெட்டியான பிளாஸ்டிக் சாக்குகள். யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒருநாள் மதியம் அண்ணன் இரண்டை மடித்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "பாப்பா, இதுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு. மருந்து மூட்டையா என்னன்னு பாரு. உங்க மதினி புளி கட்டி வைக்கணும்ங்கிறா," என்றார்.

பார்த்தேன். மூலையில் கட்டம் கட்டி எழுதியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் அடங்கியது, இதன் தூசியைச் சுவாசிப்பது உடல்நலத்துக்கு ஆபத்தானது, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவும். நாலு வரி. எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

அதற்கு முந்தின மாதம்தான் மேனேஜர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "இங்க இங்கிலீஷ் தெரிஞ்சது நீ ஒருத்திதாம்மா. கடுதாசியப் படிக்கிறது மட்டும் உன் வேலை இல்ல, வாயப் பாத்துக்கிறதும் உன் வேலைதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அண்ணனுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இதையெல்லாம் நான் அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, பதில் தானாக வந்தது.

"தூசி ஆகாதுன்னு போட்டிருக்குண்ணே, அம்புட்டுத்தான். நல்லாக் கழுவிட்டு வச்சுக்கங்க," என்றேன்.

தூசி ஆகாது என்பது யாருக்குத்தான் தெரியாது. அண்ணன் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடங்களில் மதினி அந்தச் சாக்குகளில் புளி கட்டினார், விறகு மூடினார், கொல்லையில் குளிக்கிற இடத்துக்குத் தடுப்பாகக் கட்டினார்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் இதை அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோயின் பெயரை மட்டும் சொன்னோம். அவர் அழவில்லை, என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. எதிர்பார்த்திருந்த ஆள் வந்துவிட்டதைக் கேட்டது போல, "சரி," என்றார். கீமோ போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் முடியாது என்றார். மதினி கெஞ்சினார், மகள் போனில் அழுதாள். எதற்கும் அவர் மசியவில்லை. காரணத்தை இரண்டு நாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்.

மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது பிள்ளைக்கு ஓயாத இருமல். பீடிப் புகைதான் காரணம் என்று மதினி அவரை அழகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில், சாத்தியிருக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்லுகிறவன்கூட அந்தக் கதவு முன்னால் சொல்லமாட்டான். அண்ணன் சத்தியம் செய்துவிட்டு வந்து பதினோராம் நாள் கம்பெனிக்குப் பின்னால் நின்று பீடி பற்றவைத்தார். நாலு மாதம் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டுப் பிறகுதான் நிஜமாக விட்டார். என் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. நான் பார்த்தேன், பார்த்ததைச் சொல்லி அவரைக் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

"இது கருப்பு குடுத்த தண்டனை பாப்பா," என்றார். "இதுக்கு ஊசி போட்டா சாமிய ஏமாத்துற மாதிரி. ஆடி வரட்டும். ஒரு கிடாயக் கொண்டு போய், கதவுக்கு முன்னாடி விழுந்து செஞ்சது தப்புன்னு சொல்லிட்டு வாரேன். அதுக்கப்புறம் ஊசி போடுங்க, என்னமும் செய்ங்க."

அப்போது பங்குனி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆடிக்கு நாலு மாதம் இருந்தது. அத்தனை நாள் நோய் காத்திருக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அண்ணன் மனதை மாற்ற ஒரே வழிதான் இருந்தது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. இது பீடி மட்டும் செய்த வேலை இல்லை, சாமி செய்த வேலை இல்லவே இல்லை, மூட்டையில் எழுதியிருந்தது என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கே.கே. நகரிலிருந்து திருநகருக்கு ஸ்கூட்டியில் போவேன், ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவர் கையில் கொடுப்பேன், மதினி பீடியைத் திட்டுவதைக் கேட்பேன், திரும்பி வருவேன். அதற்குள் நெஞ்சில் இரண்டு தடவை நீர் கோத்து, ஊசி குத்தி எடுத்தார்கள். உட்கார்ந்தபடியேதான் தூங்க முடிந்தது அவருக்கு. என் வீட்டுக்காரரிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நோயாளிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் ஒரு காலையில் மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மூட்டையில் இருந்த நாலு வரியையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் புரிந்தது என்பதையும் சொன்னேன்.

அண்ணன் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அம்புட்டும் எழுதியிருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

அவர் நிம்மதி அடைவார் என்று நினைத்திருந்தேன். திட்டுவார் என்றும் நினைத்திருந்தேன், அதற்கும் தயாராகத்தான் போனேன். இரண்டும் நடக்கவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே, "சாமின்னா கால்ல விழுகலாம். இதுக்கு யாரு கால்ல விழுகுறது?" என்றார்.

முதலாளி இறந்துவிட்டார், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஷெட்டை யாரோ வாங்கி டைல்ஸ் குடோன் ஆக்கியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க அண்ணனுக்கு ஓர் இடம் இருந்தது, நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். அவரிடம் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான், என் காலில் அவர் விழ முடியாது, அவர் காலில் விழ எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கூப்பிட்டார். "ஊசிக்கு என்னைக்கு வரச் சொன்னாக?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று சொன்ன டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தற்செயலாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதன் பிறகு ஒன்று நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அண்ணன், "எல்லாம் பீடிதான்," என்பார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மதினி உடனே, "தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாரா? கருப்பு முன்னாடி சத்தியம் பண்ணினப்ப பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னேன்," என்று ஆரம்பிப்பார். வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அண்ணனைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் விட்ட பீடிக்கு அவர் ஊர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அது எனக்காக என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நன்றி சொல்லக்கூட முடியவில்லை. சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இப்படி மூன்று கீமோ முடிந்தது. முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது. மோர்சாதம் மட்டும் நாலு வாய் சாப்பிடுவார். ஆடி வந்தது, போனது. கோவிலுக்குப் போகலாமா என்று மதினி கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார்.

ஆவணியில் ஒருநாள், மிக்சிங்கில் அவரோடு நின்று மூட்டை கிழித்தவர் பார்க்க வந்தார். திருமங்கலம் பக்கம் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கம்பெனியில் சிரிப்புச் சத்தத்தில் பாதி அவருடையதாக இருக்கும். அண்ணன் கோலத்தைப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு மூன்று தடவை இருமினார். வறட்டு இருமல். அண்ணன் அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

"எப்பருந்து இந்த இருமல் மாப்ள?" என்று கேட்டார் அண்ணன்.

"அது கிடக்கு, ஆட்டோ ஓட்டுறவனுக்கு வர்ற தூசிதான. ஒனக்கு எப்படி மாப்ள இப்படி?"

வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். மதினியும் காபியோடு வாசற்படியில் வந்து நின்றார். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "கம்பெனித் தூசி மாப்ள. அந்தப் பஞ்சு. மூட்டையிலயே எழுதியிருந்துச்சாம். நீ நாளைக்கே போயி நெஞ்ச ஒரு படம் எடுத்துப் பாரு."

"எழுதியிருந்துச்சா? யாரு சொன்னா?"

"யாரோ படிச்சவுக. இப்பத்தான் சொன்னாக." என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நிலையிலும் என்னை மறைத்துப் பேசுகிறார். வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மதினி கையில் டம்ளர்கள் அசையாமல் இருந்தன. நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"நான்தாண்ணே படிச்சேன்," என்றேன் வந்தவரிடம். "இப்ப இல்ல. அப்பவே, ஆபீஸ்ல வச்சுப் படிச்சேன். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட அவருக்கு நேரமில்லை. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். மெதுவான குரலில், "என் வீட்டுக்காரியும் லைனிங்ல ஓட்டை போடுற ட்ரில்லிங்ல ஏழு வருசம் இருந்தாளேம்மா. அவளையும் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டார்.

"கூட்டிட்டு வாங்கண்ணே. நானே கூட வாரேன்," என்றேன்.

மதினி இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் அண்ணனுடைய கைலியையும் சட்டையையும் உதறி உதறித் துவைத்தவர். எழுந்து போய் அவர் கையிலிருந்த டம்ளர்களை வாங்கினேன்.

"நீங்களும் வரணும் மதினி," என்றேன். "துணி துவைச்சவுகளுக்கும் படம் எடுக்கணும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாக."